பத்துவிரலாரின் குடைக்கம்பிகள்

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், புதுச்சேரியிலிருந்து சந்திரநாகூர் வரைக்கும் அவர்களுக்குச் சொந்தமான அத்தனை மண்ணையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் பத்துவிரலாரைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளி கிடைத்திருக்க மாட்டார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவரே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். "நான் பயந்தவன்மா" என்பதை, மற்றவர்கள் "நான் மிராசுதார்" என்று சொல்வதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்வார்.

மாடு முட்டும் என்று பயம். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்க பயம். இட்லிப் பானையைத் திறந்தால் நாலடி தள்ளி நிற்பார். மாட்டு வண்டியில் வந்தால் பின்பக்கம் காலைத் தொங்கவிட்டுத்தான் உட்காருவார். கேட்டால், "வண்டி குடை சாஞ்சா குதிச்சிடலாம் பாரு" என்பார். இப்படிப்பட்டவர் தேர்ந்தெடுத்த தொழில் என்ன தெரியுமா? இஞ்சின் ரிப்பேர்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. "பத்துவெரலு" என்றால் வில்லியனூரிலிருந்து பாகூர் வரை தெரியும். பத்து விரல் எல்லோருக்கும்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்து இஞ்சின்காரர்களுக்கு இருக்காது. இஞ்சின் சரியான வேகத்தில் ஓடுகிறதா என்று பார்க்க, சுழலும் தண்டின் பக்கத்தில் விரலைக் கொண்டுபோவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது விரலில் ஒரு தட்டு தட்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே தட்டை எண்ணுவார்கள். தட்டு கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டால் கணக்கும் போகும், விரலும் போகும். பாகூரில் ஒருத்தருக்கு எட்டு விரல். திருபுவனைப் பக்கம் ஒருத்தருக்கு ஏழரை. இவர் ஒருவருக்குத்தான் ஆண்டவன் கொடுத்தது அப்படியே இருந்தது. அதனால் ஊரே அவரைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தது. பத்து விரலும் இருக்கிறவன் தொழிலை எப்படிச் சரியாகச் செய்திருப்பான்?

நான் கல்யாணமாகிப் பாகூர்ப் பக்கம் வந்த வருஷம், என் மாமனார் கரும்புக் கொல்லைக் கிணற்றுக்கு ஒரு பெட்ரோல் இஞ்சின் வாங்கினார். என் மாமனார் வயலில் இறங்கினால் நெற்கதிர்கூட நிமிர்ந்து நிற்கும் என்று சொல்வார்கள். யாரும் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அத்தைகூட அவரிடம் சொல்ல வேண்டியதைத் தூணைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அப்படிப்பட்டவரை அந்த இஞ்சின் எதிர்த்துப் பேசியது. கிளப்பிவிட்டால் ஒரு நிமிஷம் வெறி பிடித்த மாதிரி ஓடும், அப்புறம் இருமும், நின்றுவிடும். மாமனார் அதை மிரட்டிப் பார்த்தார். கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் வில்லியனூருக்கு ஆள் அனுப்பினார்கள்.

பத்துவிரலார் வந்தார். வண்டி நிற்பதற்கு முன்பே குதித்தார். ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும். முழங்காலுக்கு மேலே இறுக்கிப் பிடித்த அரைக்கால் சட்டை, உடம்போடு ஒட்டின பனியன். மேலே துண்டு இல்லை, கழுத்தில் கயிறு இல்லை, தலையில் முடியே இல்லை. இஞ்சின் பிடித்து இழுக்க அவர் உடம்பில் ஒன்றையுமே மிச்சம் வைத்திருக்கவில்லை.

வந்தவர் இஞ்சினைப் பார்க்கவில்லை. எங்களைப் பார்த்தார். "சுண்ணாம்பு இருக்குதுங்களா?" என்றார்.

"வெத்தலைக்கா?" என்றார் மாமனார்.

"கோடு போடங்க."

இஞ்சினைச் சுற்றி, கல்யாணப் பந்தல் அளவுக்குப் பெரிய வட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டார். பிறகு அறிவித்தார்: "இஞ்சினு ஓடும்போது கோட்டுக்குள்ள யாரும் வரக் கூடாது. துண்டு போட்டவங்க, வேட்டி கட்டினவங்க, புடவை கட்டினவங்க, கொண்டை போட்டவங்க, ஒருத்தரும்."

மாமனார் தன் கிணறு, தன் கொல்லை, தன் இஞ்சின் என்று மூன்றையும் ஒரு சுற்று பார்த்தார். "யோவ், இது இன்னா என் நெலமா, உன் நெலமா?"

"நெலம் உங்களுதுதாங்க. உசுரும் உங்களுதுதாங்க. அதனாலதான் சொல்றேன்."

மாமனார் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன்.

பத்துவிரலார் வேலை செய்கிற அழகே தனி. இஞ்சின் பிளக்கின் ஒயரில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தூரத்தில் இருந்த வேப்பமரம் வரைக்கும் கொண்டுபோனார். ஏதாவது தப்பாகப் போனால் மரத்தின் பின்னாலிருந்தே கயிற்றை இழுப்பார். ஒயர் கழன்று இஞ்சின் நின்றுவிடும். பெட்ரோலும் காற்றும் கலக்கிற திருகைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு மூங்கில் கழி. கழி முனையில் திருப்புளியைக் கட்டியிருப்பார். மாங்காய் பறிக்கிற மாதிரி தூரத்தில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திருகைத் திருப்புவார்.

"அது சரி, வேகம் எப்டிய்யா தெரியும்?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் சாது. சந்தேகம் கேட்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

பத்துவிரலார் பையிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். அதில் பழைய குடைக்கம்பிகள் வரிசையாக நட்டுக்கொண்டு நின்றன. ஒன்று நீளம், அடுத்தது கொஞ்சம் குட்டை, அதற்கடுத்தது இன்னும் குட்டை. ஒவ்வொன்றின் நுனியிலும் சுண்ணாம்பு தடவியிருந்தது. இஞ்சின் உட்கார்ந்திருக்கிற சிமெண்டுத் திட்டில் பலகையை வைத்துவிட்டுத் தூரப் போய்விடுவார். இஞ்சின் ஓடினால் திட்டு அதிரும். மெதுவாக ஓடினால் நீளக் கம்பி மட்டும் ஆடும், மற்றவை சும்மா நிற்கும். வேகம் கூடினால் நீளக் கம்பி அடங்கி அடுத்தது ஆட ஆரம்பிக்கும். எந்த நுனி வெள்ளைப் புகை மாதிரித் தெரிகிறதோ, அதுதான் வேகம். யாரும் எதையும் தொட வேண்டாம்.

புதுச்சேரியில் ஓர் ஆலையில் வேலை பார்த்தபோது, அங்கே வேகம் தெரிந்த இஞ்சின்களின் மேல் பலகையை வைத்து வைத்துக் கம்பிகளை வெட்டிச் சரி பண்ணினாராம். அவருக்கு எண்களில் நம்பிக்கை இல்லை, அதனால் கம்பிகளுக்குப் பெயர் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் நீளமானது எருமை. அடுத்து மாட்டுவண்டி. பிறகு தபால்காரர், குதிரை, ரயிலு. கடைசியில் இருந்த குட்டைக் கம்பிக்குப் பெயர் பைத்தியம். அது ஆடினால் எல்லோரும் ஓட வேண்டும்.

"ஒங்க இஞ்சினு தபால்காரர் வேகத்துல போவணுங்க. அதான் அதுக்கு நல்லது" என்றார்.

ஒரு சின்னக் கஷ்டம் என்னவென்றால், கம்பிகள் துருப்பிடித்து அடிக்கடி ஒடியும். புதுக் கம்பி வேண்டும். அவர் வந்துபோன வீடுகளில் மழை வந்தால்தான் சேதி தெரியும். எங்கள் வீட்டில் முதல் மழைக்கு மாமனார் குடையை விரித்தார். அது ஒரு பக்கம் மட்டும் விரிந்தது. மறுபக்கம் செத்த காக்காய் மாதிரித் தொங்கியது. மாமனார் அந்தக் குடையோடு தெருவில் பாதி நனைந்தபடி போனதை ஊரே பார்த்தது. அத்தை தூணைப் பார்த்து, "குடைக்குக்கூட வூட்ல பாதுகாப்பு இல்ல" என்றார்கள்.

பத்துவிரலாரின் கணக்கு தப்பாமல் இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. முதல் நாளே ஒரு கூத்து நடந்தது. இஞ்சினைக் கிளப்பினார்கள். எருமை ஆடியது. "வேகம் பத்தல" என்று மூங்கில் கழியால் திருகைத் திருப்பினார். மாட்டுவண்டி ஆடியது. இன்னும் திருப்பினார். இஞ்சின் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கொல்லைக் கோழிகள் எல்லாம் பாகூர் ஏரியைப் பார்த்துக் கிளம்பின. இவர் பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தபால்காரர் ஆடினார். "வந்துட்டாரு, வந்துட்டாரு!" என்று குதித்தார். அதே நேரம் பம்புக் குழாயிலிருந்து தண்ணீர், ஏரி உடைந்த மாதிரிச் சீறிக்கொண்டு போய் மாமனாரின் நாற்றங்காலைப் பெயர்த்துக்கொண்டு போனது. நாற்காலியோடு மாமனாரும் கொஞ்ச தூரம் போனார். பத்துவிரலார் எப்போது மரத்தின் பின்னால் போனார் என்று யாரும் பார்க்கவில்லை. கயிறு மட்டும் விசுக்கென்று இழுபட்டது. இஞ்சின் நின்றது.

"இன்னாய்யா இது தபால்காரனா? தந்திகூட இவ்ளோ வேகமா வராதே!" என்று மாமனார் சேற்றிலிருந்து கத்தினார்.

பத்துவிரலார் அன்று முழுவதும் ஒரு வாய்ச் சோறு சாப்பிடாமல் பலகையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் வந்து சொன்னார்: "தப்பு எம் மேலதாங்க. ஆலையில இருந்தது நீராவி இஞ்சினு. ஒவ்வொரு சுத்துக்கும் ஒதைக்கும். இந்தப் பெட்ரோலு இஞ்சினு ரெண்டு சுத்துக்கு ஒரு தபாதான் வெடிக்குது. அதனால கம்பி பாதி வேகத்ததான் காட்டுது. எருமை ஆடினா, உள்ள தபால்காரரு ஓடறாருன்னு அர்த்தம்."

மறுநாள் எருமை ஆடும்போதே திருகை நிறுத்தினார். இஞ்சின் சாதுவாக ஓடியது. வாய்க்கால் நிறையத் தண்ணீர் வழிந்தது. அவர் அங்கே வேலை பார்த்த பத்து நாளும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏங்க, உங்க வூட்ல யாருக்காவது இஞ்சின்ல அடிகிடி பட்டுதுங்களா? அதனாலதான் இப்படிப் பயப்படறீங்களா?"

அவர் கையில் சோற்றை உருட்டியபடி என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "இல்லியேம்மா. எங்க வம்சத்துல ஒருத்தருக்கும் ஒரு கீறல்கூடப் பட்டதில்ல. எல்லாரும் வயசாகி, பாயில படுத்து, சாமி கும்புட்டுதான் போனாங்க. எனக்குச் சும்மாவே பயம்மா."

"அப்புறம் ஏன் இந்தத் தொழில்?"

"எனக்கு இஞ்சினுன்னா ரொம்பப் புடிக்கும்" என்றார். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்ன மாதிரி வெட்கப்பட்டார்.

இனிமேல்தான் விஷயம் இருக்கிறது. இஞ்சின் சரியானதும் மாமனார் அதை ஊரறியத் தொடங்கிவைக்க ஆசைப்பட்டார். நல்ல நாள் பார்த்து, எங்கள் கொம்யூன் என்கிற வட்டாரத்தின் மேரை அழைத்தார். மேர் என்றால் நகரசபைத் தலைவர் மாதிரி, பெரிய மனிதர். அழைக்கப் போன இடத்தில் மேர் ஒரு கேள்வி கேட்டுவிட்டார். "உங்க இஞ்சின் என்ன வேகத்துல ஓடுது?"

மாமனார் வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மேரு கேக்குறாரு. நான் இன்னான்னு சொல்றது? எருமை வேகத்துல ஓடுதுன்னா?"

மறுநாளே புதுச்சேரிக்குப் போய் ஒரு பிரெஞ்சுக் கடையில் பித்தளை மீட்டர் ஒன்று வாங்கி வந்தார். பார்க்கக் கைக்கடிகாரத்துக்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. அதற்கு நீளமாக ஒரு மூக்கு. அந்த மூக்கை, சுழலும் தண்டின் முனையில் வைத்து அழுத்தினால் முள் நகர்ந்து வேகத்தைக் காட்டும். பத்துவிரலார் அதைக் கையில் வாங்கி, மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல சாமானுங்க. பொய் சொல்லாது. ஆனா அழுத்தறவன் கை எங்க இருக்கும்?"

"தண்டு மேல."

"கைக்குப் பின்னாடி யாரு இருப்பாங்க?"

"நான்தான்யா இருப்பேன். என் இஞ்சினுக்கு நான்தான் வெச்சுக் காட்டணும்."

"வேட்டியோடவா?"

"பின்ன மேரு எதிர்ல வேட்டி இல்லாமியா நிப்பேன்?" என்றார் மாமனார்.

பத்துவிரலார் எவ்வளவோ சொன்னார். தண்டின் முனையில், சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் இரும்பு ஆப்பு ஒன்று விரல் நீளத்துக்குத் துருத்திக்கொண்டிருக்கிறது, இஞ்சின் ஓடும்போது அது கண்ணுக்கே தெரியாது, துணி பட்டால் விடாது என்று கும்பிட்டுச் சொன்னார். மாமனார் கேட்கவில்லை. அதோடு போகவில்லை. விழாவன்று காலையில் சுண்ணாம்புக் கோட்டைக் கழுவி மாக்கோலம் போடச் சொன்னார். வேப்பமரத்துக்குப் போன கயிற்றைப் பார்த்து, "இதென்ன மாடு கட்ற கொல்லையா? அவுத்துடு" என்றார். கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

ஊரே வந்திருந்தது. மேர் தொப்பியோடும் கைத்தடியோடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மாமனார் அன்றைக்கு நீலக் கோட்டு, உள்ளே நீளமான வெள்ளைச் சட்டை, அகலக்கரை போட்ட எட்டு முழ வேட்டி என்று ஜொலித்தார். நாங்கள் பெண்கள் ஒரு பக்கம் நின்றோம். பத்துவிரலார் வழக்கப்படி வேப்பமரத்துக்குப் பின்னால், ஒரு கண் மட்டும் தெரிகிற மாதிரி நின்றார்.

இஞ்சின் கிளம்பியது. தண்ணீர் விழுந்தது. கைதட்டல். மாமனார் மீட்டரைத் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு, இஞ்சின் பக்கத்தில் போய்க் குனிந்தார். சக்கரம் கிளப்பிய காற்றில் வேட்டித் தலைப்பு படபடத்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மரத்தின் பின்னாலிருந்து ஓர் அலறல். நான் திரும்புவதற்குள் பத்துவிரலார் என்னைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். இஞ்சினை நோக்கி! அவரை அந்தத் திசையில் ஓடி யாரும் பார்த்ததில்லை. மாக்கோலத்தை மிதித்து, மேரின் கைத்தடியைத் தட்டிவிட்டு, நேராகப் போய் மாமனாரின் இடுப்பில் கை வைத்தார். வேட்டியை ஒரே இழுப்பில் உருவினார். தோளால் ஒரு இடி இடித்தார். மாமனார் வாய்க்கால் சேற்றில் போய் உட்கார்ந்தார். வேட்டி இஞ்சினில் பெரிய கொக்கு மாதிரி நாலு தடவை சிறகடித்தது. பிறகு இஞ்சின் விக்கியது, முனகியது, நின்றது.

மாமனார் சேற்றிலிருந்து எழுந்தார். மேலே நீலக் கோட்டு. அதற்குக் கீழே வெள்ளைச் சட்டை. அதற்கும் கீழே சிவப்புக் கோவணம். பிரெஞ்சுக் கொடியின் மூன்று நிறமும் வரிசை மாறாமல் இருந்தது. மேர் பழக்க தோஷத்தில் விருட்டென்று எழுந்து, தொப்பியைக் கழற்றி, நிமிர்ந்து நின்றார்.

யாரோ ஒரு புண்ணியவான் முதலில் சிரித்தான். அவ்வளவுதான். கொல்லை முழுவதும் சிரிப்பு.

"என் வேட்டிய உருவிட்டாண்டா! மேரு எதிர்ல உருவிட்டாண்டா!" மாமனாருக்குக் குரல் உடைந்துவிட்டது. "போடா! இனிமே இந்தக் கொல்லையில கால வெச்சே, கால வெட்டிடுவேன்!"

பத்துவிரலார் பலகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வில்லியனூர்ப் பாதையில் நடந்துபோனார். வண்டிகூடக் கேட்கவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு என் வீட்டுக்காரர் இஞ்சினிடம் போனார். தண்டில் சுற்றியிருந்ததைக் கையால் எடுக்க முடியவில்லை, கருக்கரிவாள் கேட்டார். எட்டு முழ வேட்டி கயிறாக முறுக்கிக்கொண்டு கல் மாதிரி இறுகியிருந்தது. அறுத்து அறுத்து எடுத்தார். கடைசியில், துணிக்கு நடுவில் பித்தளை மீட்டர் கிடைத்தது. அப்பளம் மாதிரித் தட்டையாக இருந்தது. அந்தக் கந்தலையும் மீட்டரையும் கொண்டுவந்து மாமனார் எதிரில் வைத்தார்.

மாமனார் மீட்டரை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கையை மூடித் திறந்தார். அத்தை முதல் தடவையாகத் தூணை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். "நாளைக்கு வண்டி பூட்டச் சொல்லட்டா?" என்றார்கள்.

மாமனார் தலையை மட்டும் அசைத்தார்.

வில்லியனூரில் நடந்ததை வண்டி ஓட்டிப்போன என் வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். மாமனாரைத் தூரத்தில் பார்த்ததுமே பத்துவிரலார் வீட்டுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாராம். மாமனார் கதவைத் தட்டினார்.

"யோவ், கதவத் தெற."

"அடிப்பீங்க."

"அடிக்க மாட்டேன்யா."

"வெறுங்கையோட வந்திருக்கீங்களா? கையக் காட்டுங்க."

ஊரை நடுங்கவைத்த மனிதர், ஜன்னல் கம்பிக்குள் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாராம். உள்ளே இருந்தவர் அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடிக்கக் கம்பு இருக்கிறதா என்று பார்க்கிறார் என்றுதான் என் வீட்டுக்காரர் நினைத்தார். பார்த்துவிட்டு அவர் கேட்டது, "ஒண்ணும் படலியே?" என்று.

மாமனார் அங்கேயே, தெருவில், ஜன்னலுக்குள் கையை விட்டபடியே அழுதார். என் வீட்டுக்காரர் மாட்டைப் பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

மறுபடி எங்கள் கொல்லைக்கு வரப் பத்துவிரலார் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். அதற்காக மாமனார் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாகத் தையல்காரரைக் கூப்பிட்டுக் கால்சட்டை தைத்துக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு கொல்லைக்குப் புறப்பட்ட முதல் நாள் தெரு நாய்கள் எல்லை வரைக்கும் குரைத்துக்கொண்டே வழியனுப்பின. பம்புக் கொட்டகைக்குப் பக்கத்தில் பத்துவிரலாருக்கு ஒரு குடிசை கட்டிக் கொடுத்தார்கள். "இஞ்சினுக்கு இவ்ளோ கிட்டயா?" என்று அவர் முறையிட்டதால் அதைப் பிரித்து எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் கட்டினார்கள். சுண்ணாம்புக் கோடு மறுபடி வந்தது. கயிறும் வந்தது.

ரொம்ப நாள் கழித்து அவரைக் கேட்டேன். "அன்னிக்கு இஞ்சின்கிட்ட ஓடினீங்களே, பயமா இல்லியா?"

"பயந்தாம்மா. பயத்துலதான் ஓடினேன். எந்தப் பக்கம் ஓடறோம்னு பாக்கல."

அவர் எங்களோடு இருந்தது சில வருஷங்கள். அவருக்கென்று இருந்த ஒரே சொந்தம் அக்கா மகன், கடல் தாண்டி வியட்நாமில் இருக்கிற சைகோனில் வேலையாக இருந்தான். நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அங்கே போன காலம் அது. "மாமா, வயசாயிடுச்சு, எங்கூட வந்து இரு" என்று சொல்லியனுப்பினான். சொந்த ரத்தம் கூப்பிடும்போது வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்? அவரும் சரி என்றார். மாமனார் வண்டி பூட்டச் சொல்லிவிட்டு, வண்டி கிளம்பும்போது வயலைப் பார்க்கப் போய்விட்டார். அத்தை முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுத்தார்கள். நான் ஒன்றும் கொடுக்கவில்லை. எதைக் கொடுப்பது என்று யோசித்து யோசித்தே பொழுது விடிந்துவிட்டது.

அன்று வீடு என்னவோபோல் இருந்தது. பொழுது சாயும் நேரம், தெருக்கோடியில் தலையில் தகரப் பெட்டியோடு ஒருவர் வந்தார். நடையைப் பார்த்தே தெரிந்துவிட்டது. மாடு எதிரே வந்தால் ஒதுங்கி ஒதுங்கி வருகிற நடை.

மாமனார் வாசலுக்கு வந்தார். "இன்னாய்யா, கப்பல் போவலியா?"

"கப்பல் போச்சுங்க. நான்தான் போவல."

"ஏன்யா?"

பத்துவிரலார் பெட்டியை இறக்கிவைத்தார். "சலங்குப் படகுல ஏத்திக்கினு போயி, கப்பல்ல வுட்டாங்க. இந்தக் கப்பலு இஞ்சினு இன்னா வேகத்துல சுத்துதுன்னு ஒரு மாலுமியக் கேட்டேன். சிரிக்கிறான். இன்னொருத்தனக் கேட்டேன். அவனும் சிரிக்கிறான். தெரியாத வேகத்துல அவ்ளோ தூரம் எப்டிங்க போறது? படகு கரைக்குத் திரும்பறதுக்குள்ள மறுபடியும் அதுல எறங்கிட்டேன்."

மாமனார் எங்கோ பார்த்துக்கொண்டு, "அதானே. எப்டிப் போறது?" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார்.

மாலுமி சிரித்ததாகச் சொன்னது நிஜமோ பொய்யோ, நான் கேட்கவில்லை. அவரைக் கைகால் கழுவச் சொல்லிவிட்டு இலையைப் போட்டேன். சோறு இருக்குமா என்று அத்தை கவலையோடு பானையைத் திறந்து பார்த்தார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. அவர் போன பிறகுதான் உலை வைத்தேன் என்றாலும், அரிசியை அவருக்கும் சேர்த்துத்தான் போட்டிருந்தேன்.